நைஜீரியாவின் பழைய வழக்கங்கள் இன்று எங்கே உயிரோடு இருக்கின்றன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் அலுவலகப் பணியாக லாகோஸ் செல்லவிருக்கிறீர்கள். நைஜீரியர்கள் ஏறத்தாழ எல்லோரும் இன்று கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அவர்களுடைய பழைய வழக்கங்கள் உண்மையிலேயே நடைமுறையில் இருக்கின்றனவா, அல்லது வெளிநாட்டார் முன் ஆடிக்காட்டும் நடனங்களாக மட்டும் எஞ்சிவிட்டனவா, இருக்கின்றன என்றால் எங்கே காணலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே காணலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னுள்ள கேள்வியில், மதம் மாறிய இடத்தில் பழைய வழக்கம் இறந்திருக்கும் என்றும், விழாவும் வேடமும்தான் வழக்கத்தின் இருப்பிடம் என்றும் இரண்டு எண்ணங்கள் சொல்லாமலே அடங்கியிருக்கின்றன. இரண்டுமே நைஜீரியாவுக்குப் பொருந்துவதில்லை. ஒரு வழக்கத்துக்காக ஒருவர் கடன் வாங்குகிறாரா, அதை மீறினால் அவருக்கு என்ன நேரும், அதன் பொருட்டு யாராவது நீதிமன்றம் போகிறார்களா என்று பார்ப்பதே அது உயிரோடு இருக்கிறதா என அறிய நான் கண்ட வழி. இந்தப் பதிலும் அந்த வழியிலேயே செல்கிறது.

நான் மானிடவியல் படித்தவன். நைஜீரியாவின் தென்கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்தேன். பிறகு ஆய்வுக்காகத் தென்மேற்குக்கும் பெனின் நகரத்துக்கும் சென்று வந்திருக்கிறேன். வடக்கை நான் அறிந்தது பெரும்பாலும் அங்கிருந்து வந்த மாணவர்கள் வழியாகவும் நூல்கள் வழியாகவும்தான். ஆகவே இங்கே வடக்கு குறைவாக வருவது என் அனுபவத்தின் எல்லை என்று கொள்ளுங்கள், அதன் முக்கியத்துவத்தின் அளவு என்று கொள்ள வேண்டாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் அந்த நாட்டை 1914இல் ஆங்கிலேயர் தங்கள் நிர்வாக வசதிக்காக ஒன்றாக இணைத்தார்கள். ஆகவே ‘நைஜீரியப் பண்பாடு’ என்ற ஒற்றைப் பொருள் எதுவும் இல்லை. தென்மேற்கின் யொரூபா, தென்கிழக்கின் இக்போ, தெற்கின் எடோ, வடக்கின் ஹவுசா, கழிமுகத்தின் கலபாரி என்று ஒவ்வொரு மக்களைப் பற்றியும் தனித்தனியாகத்தான் பேச முடியும்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நைஜீரியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006இல். அதில் மதமும் இனமும் கேட்கப்படவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் அங்கே அதிகாரப் பங்கீட்டுச் சண்டையோடு பின்னிப்பிணைந்தவை என்பதால் வேண்டுமென்றே விடப்பட்டன. எனவே ‘ஏறத்தாழ பாதிப்பேர் முஸ்லிம்கள், பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், மரபுச் சமயத்தினர் மிகச் சிலர்’ என்று நாம் படிப்பவை எல்லாம் மாதிரி ஆய்வுகளிலிருந்து கிடைத்த மதிப்பீடுகள். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிவத்தில் ஒரு கட்டத்தைத்தான் நிரப்ப முடியும். ஞாயிறு காலையில் தேவாலயத்துக்கும், பிள்ளையின் நோய் விடாதபோது ஒருவருக்கும் தெரியாமல் குறி பார்ப்பவரிடமும் போகிறவர் அந்தப் படிவத்தில் கிறிஸ்தவர் மட்டுமே. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

மதமும் வழக்கமும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பதைத் திருமணத்தில்தான் தெளிவாகப் பார்க்கலாம். யொரூபா நிச்சயச் சடங்கில் மணமகன் தன் நண்பர்களோடு பெண்வீட்டார் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்க வேண்டும். அவர் வங்கி மேலாளரோ, லண்டனிலிருந்து விடுப்பில் வந்த மருத்துவரோ, யாராக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. சடங்கை நடத்துவதற்கென்றே இரு வீட்டாரும் தனித்தனியாகப் பெண்களைச் சம்பளம் பேசி அமர்த்துகிறார்கள். அலாகா எனப்படும் இவர்கள் பாட்டாலும் வாய்ப்பேச்சாலும் மாப்பிள்ளைத் தோழர்களை மடக்கி மடக்கிப் பணம் கறப்பதை மொத்தக் கூட்டமும் ரசிக்கும். பெருவள்ளிக்கிழங்கு, தேன், உப்பு, விருந்தினரை வரவேற்கத் தரும் கசப்பான கோலாக் கொட்டை என்று பரப்பி வைத்த வரிசைப் பொருட்களுக்கு நடுவே ஒரு விவிலியமோ குர்ஆனோ இருக்கும். இவற்றில் உனக்கு வேண்டியதை எடு என்று சொல்லும்போது மணப்பெண் அந்தப் புனித நூலையே எடுப்பாள், மோதிரமும் அதோடுதான் வைக்கப்பட்டிருக்கும். புதிய மதம் வந்து பழைய சடங்கை அகற்றிவிட்டது என்று இதைச் சொல்ல முடியுமா? வரிசைத் தட்டில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுச் சடங்கு தன் போக்கில் நடக்கிறது.

இக்போ மக்களிடம் இது இன்னும் அழுத்தமானது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் ‘கதவு தட்ட’ வர வேண்டும். பிறகு பெண்ணுக்கான பரிசப் பணம் பேசி முடிக்க வேண்டும். அதன் பிறகே கள் சுமக்கும் சடங்கு. மணப்பெண் கையில் ஒரு கோப்பைக் கள்ளோடு கூட்டத்துக்குள் சென்று, இங்கே வா, எனக்குக் கொடு என்று கூப்பிடும் இளைஞர்களைத் தாண்டித் தன் மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து, மண்டியிட்டுக் கோப்பையை அவரிடம் நீட்டுவாள். இவை முடியாமல் பல பாதிரியார்கள் தேவாலயத் திருமணத்துக்கு நாள் கொடுக்க மாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். பரிசப் பணமாகக் கைமாறும் தொகை பெரும்பாலும் சிறியது. செலவு முழுவதும் பெண்ணின் பங்காளிகளும், ஊர்ப் பெண்களும், இளைஞர்களும் தனித்தனியாகக் கொடுக்கும் பட்டியல்களில் இருக்கிறது. அன்றைய கிழக்கு மாநில அரசு 1956இல் பரிசத்துக்கு 30 பவுண்டு என்று உச்சவரம்பு விதித்துச் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு வழக்கம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதற்கு, அரசு அதைச் சட்டம் போட்டு அடக்க முயன்று தோற்றதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இக்போ மக்களிடம் இன்று மிகவும் உயிர்ப்போடு இருப்பது எது என்று என்னைக் கேட்டால், திருமணத்தையோ முகமூடி ஆட்டத்தையோ சொல்ல மாட்டேன். ஓனிட்சா, ஆபா, ந்நேவி, லாகோஸின் அலாபா போன்ற சந்தைகளில் நடக்கும் பயிற்சி முறையைச் சொல்வேன். பள்ளிப் படிப்பு முடிந்த அல்லது பாதியில் நின்ற ஒரு பையனை, உறவினரோ அதே ஊர்க்காரரோ ஆன ஒரு வணிகரிடம் பெரியவர்கள் முன்னிலையில் ஒப்படைக்கிறார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை அவன் முதலாளியின் வீட்டிலேயே தங்கி, துணி துவைத்து, கடை கூட்டி, சரக்குச் சுமந்து, எங்கே கொள்முதல் செய்வது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதையெல்லாம் கற்கிறான். சம்பளம் கிடையாது. காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்குத் தனிக்கடை தொடங்குவதற்கான பணத்தையோ சரக்கையோ கொடுத்து நிலைநிறுத்த வேண்டும். அதே தெருவில், அதே சரக்கில், தனக்கே போட்டியாக ஒருவனை உருவாக்கி விடுவதற்கு ஒரு வணிகர் கடமைப்பட்டிருக்கிறார் என்பதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. நிலைபெற்றவன் பின்னர் தன் பங்குக்குப் பையன்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இந்தச் சங்கிலியை அறுபடாமல் காக்கிறது.

இம்முறையில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆவ்கா என்ற இக்போ ஊரின் கொல்லர்கள் நெடுங்காலமாகவே சீடர்களை வைத்துத் தொழில் கற்பித்து, ஊர் ஊராகச் சென்று வேலை செய்தார்கள் என்பது உறுதி. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, இக்போ மக்கள் பெரும்பான்மையாக இருந்து தனிநாடாகப் பிரிய முயன்று தோற்ற பியாஃப்ரா தரப்பினரின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்திருந்தாலும் 20 பவுண்டு மட்டுமே திருப்பித் தரப்பட்டது என்பதும் உறுதி. வங்கியும் அரசும் கைவிட்ட அந்தச் சூழலில் உறவையும் ஊரையும் நம்பிய இந்த முறை பெரிதும் பரவியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், நானும் அப்படியே கருதுகிறேன். ஆனால் கொல்லர்களின் பழைய முறைக்கும் இன்றைய சந்தை முறைக்கும் இடையே இடைவிடாத தொடர்ச்சி உண்டா என்பது விவாதத்துக்குரியது. வணிகக் கல்லூரிகள் அண்மையில் இதை வியந்து பேசத் தொடங்கி, உலகிலேயே மிகப்பெரிய பயிற்சி முறை என்றெல்லாம் எழுதுகின்றன. பையன்களுக்குப் பதிவேடு எதுவும் இல்லாத நிலையில் அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரம் கிடையாது. அந்தப் புகழ்ச்சியில் விடுபடுவது இன்னொன்று உண்டு. நிலைநிறுத்த வேண்டிய ஆண்டு நெருங்கும்போது திருட்டுப் பழி சுமத்திப் பையனை வெறுங்கையோடு அனுப்பிவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்காது. பங்காளிகள் கூடிப் பேசித் தீர்த்தால்தான் உண்டு.

அடுத்து, பெனின் நகரம். இது தெற்கு நைஜீரியாவில் உள்ள எடோ மக்களின் தலைநகர், பெனின் குடியரசு என்ற அண்டை நாடு வேறு. 1897 பிப்ரவரியில் ஆங்கிலப் படை இந்நகரைக் கைப்பற்றி, அரண்மனையின் ஆயிரக்கணக்கான பித்தளை, தந்தச் சிற்பங்களை அள்ளிச் சென்றது. ஒபா எனப்படும் மன்னர் ஒவோன்ராம்வென் கலபார் என்ற துறைமுக நகருக்கு நாடுகடத்தப்பட்டு 1914இல் அங்கேயே இறந்தார். அதே ஆண்டு அவர் மகனை அரியணையில் அமர்த்த ஆங்கிலேயர் இசைந்தார்கள். இன்றைய நைஜீரிய அரசியலமைப்பு மன்னர்களுக்கு ஆட்சியதிகாரம் எதையும் தரவில்லை. 2016இல் முடிசூடிய இரண்டாம் எவுவாரே, அதற்கு முன் இத்தாலி உட்படச் சில நாடுகளில் நைஜீரியத் தூதராக இருந்தவர். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில், குறிப்பாக இத்தாலியில், பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்ட நைஜீரியப் பெண்களில் பெரும்பாலோர் எடோ பகுதியைச் சேர்ந்தவர்கள். புறப்படுவதற்கு முன் அவர்களை ஒரு தெய்வச் சன்னதிக்கு அழைத்துச் சென்று, தலைமுடி, நகம், இரத்தம் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, பயணக் கடனை அடைக்காமல் ஓடினால் அல்லது காவல்துறையிடம் பேசினால் பைத்தியம் பிடிக்கும், சாவு வரும் என்று சத்தியம் வாங்குவது கடத்தல்காரர்களின் வழி. ரோமின் காவல் நிலையத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் வாயைச் சொந்த ஊர்ச் சன்னதியில் செய்த சத்தியம் அடைத்துவிடும். 2003 முதல் ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டமும் அதற்கெனத் தனி முகமையும் இருந்தும், இந்தப் பூட்டைச் சட்டத்தால் திறக்க முடியவில்லை. 2018 மார்ச் மாதத்தில் ஒபா தன் ஆட்சிப்பகுதிப் பூசாரிகளையும் நாட்டு மருத்துவர்களையும் அரண்மனைக்கு வரவழைத்து, இவ்வகைச் சத்தியங்கள் அனைத்தும் இனிச் செல்லாது என்றும், இனிமேல் இதைச் செய்விப்பவர்மீது மூதாதையரின் சாபம் விழும் என்றும் அறிவித்தார். அதிகாரம் இல்லாத ஒரு மன்னர், சடங்கால் போட்ட பூட்டைச் சடங்காலேயே திறந்தார்.

இதன் விளைவைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். செய்தி ஐரோப்பாவை எட்டியதும் பல பெண்கள் கடன் கட்டுவதை நிறுத்தினார்கள், சிலர் சாட்சி சொல்லவும் முன்வந்தார்கள் என்பதற்கு அங்குள்ள தொண்டு அமைப்பினரின் சான்றுகள் உண்டு. ஆனால் கடத்தல் இதனால்தான் குறைந்தது என்று கூறுவதற்கில்லை. லிபியா வழியான கடல் பயணம் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்தே நெருக்கப்பட்டு, இத்தாலியில் வந்திறங்குவோர் எண்ணிக்கை ஏற்கனவே சரிந்துகொண்டிருந்தது. சத்தியம் வாங்குவதை ஒபாவின் எல்லைக்கு அப்பாலுள்ள மாநிலங்களுக்குச் சிலர் மாற்றிக்கொண்டதாகவும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தகவலே, கடத்தல்காரர்களும் சாபத்தைப் பொருட்படுத்தினார்கள் என்பதைக் காட்டுகிறது. பெனின் சிற்பங்கள் ஜெர்மனியிலிருந்து 2022இலும் நெதர்லாந்திலிருந்து 2025இலும் திரும்பி வந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். அவற்றுக்கு உரியவர் அரசு அருங்காட்சியகமா அரண்மனையா என்ற சண்டையில், 2023இல் குடியரசுத் தலைவர் ஒபாவே உரிமையாளர் என்று ஆணையிட்டார். இகுன் தெருவில் அரண்மனைக்கு வார்ப்பு வேலை செய்த குடும்பங்கள் மெழுகுக் கரு வைத்துப் பித்தளை வார்க்கும் தொழிலை இன்றும் செய்கின்றன. விமானத்தில் கொண்டு செல்லக்கூடிய அளவில் உங்களுக்கும் ஒரு சிறுத்தையைச் செய்து தருவார்கள்.

இனி, சுற்றுலா விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மூன்று விழாக்கள். இவற்றின் தொன்மையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். வடமேற்கில் ஆயிரக்கணக்கானோர் வலையும் சுரைக்குடுக்கையுமாக ஒரே நேரத்தில் ஆற்றில் குதித்து மீன்பிடிக்கும் ஆர்குங்கு விழா இன்றைய வடிவில் தொடங்கியது 1934இல். அப்பகுதியின் கெப்பி அரசுக்கும் அண்டையிலுள்ள சோகோட்டோ அரசுக்கும் இருந்த நீண்டகாலப் பகை தணிந்ததன் அடையாளமாக அது நடத்தப்பட்டது. கானோவில் ஈதுப் பெருநாட்களை ஒட்டி அமீர் எனப்படும் முஸ்லிம் மன்னர் குதிரைப்படையோடு வலம் வரும் தர்பாருக்குப் பழைய படை அணிவகுப்பு அடித்தளமாக இருந்தது உண்மை. ஆனால் பெயரையும் காட்சி ஒழுங்கில் ஒரு பகுதியையும் கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் வழக்கங்களைப் பார்த்துப் பழகிய ஆங்கிலேய அதிகாரிகள். 1925இல் வேல்ஸ் இளவரசர் கானோ வந்தபோதும் பெரிய தர்பார் நடந்தது. 2005 முதல் உலக மரபுச் சின்னமாக இருக்கும் ஒசோக்போவின் ஒசுன் தெய்வத் தோப்பில் நீங்கள் படங்களில் காணும் பிரம்மாண்டச் சிற்பங்கள், 1950இல் நைஜீரியா வந்த ஆஸ்திரிய ஓவியர் சூசன் வெங்கரும் அவரோடு உழைத்த உள்ளூர்க் கலைஞர்களும் உருவாக்கியவை. ஏறத்தாழ 75 எக்டேர் தோப்பும் ஆற்று வழிபாடும் பழையவை, சிமென்ட் உருவங்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இப்படிச் சொல்வதால் இவை போலி என்று ஆகிவிடாது. தொன்மையைக் கொண்டு மதிப்பிடுவதே தவறு என்பதுதான் என் எண்ணம். ஒசோக்போவில் ஆகஸ்ட் மாதம் கன்னிப்பெண் ஒருத்தி தலையில் காணிக்கைச் சுரைக்குடுக்கையைச் சுமந்து ஆற்றுக்குச் செல்லும்போது பின்னால் ஓடுகிறவர்கள் தங்கள் வேண்டுதலைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள், யாருக்கும் ஆடிக்காட்டவில்லை. மேற்பகுதியில் தங்கம் தோண்டுவதால் ஆறு கலங்கிப் பழுப்பாகி, நீரைக் குடிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்த பிறகும் குடுவைகளில் பிடித்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கானோவில் நடந்தது இன்னும் கூர்மையான சான்று. 2024இல் அமீர் பதவிக்கு இருவர் உரிமை கொண்டாடி வழக்கு நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ கானோ தர்பாரை உலகப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அடுத்த மூன்றே மாதங்களில், 2025 மார்ச் ஈதுப் பெருநாளில், கலவரம் மூளும் என்று காவல்துறை தர்பாரைத் தடைசெய்தது. குதிரையில் முன்னால் போகிறவர் யாரோ அவரே அமீர் என்று ஊர் எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் இரு தரப்புக்கும் இருந்தது. வெறும் காட்சியாக இருந்திருந்தால் யார் முன்னால் போனால் என்ன?

பழைய சமயத்தையே வெளிப்படையாகக் கடைப்பிடிப்போரும் இருக்கிறார்கள். பதினாறு பனைவிதைகளைக் கொண்டு 256 அடையாளங்களில் ஒன்றைப் பெற்று, அதற்குரிய செய்யுள்களை ஓதி வழிகாட்டும், இஃபா என்ற யொரூபா குறி பார்க்கும் முறையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அந்தச் செய்யுள்களைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவரான வாண்டே அபிம்போலா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். பிரேசிலிலிருந்தும் கியூபாவிலிருந்தும், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் வழி இச்சமயத்தைப் பெற்றவர்கள், யொரூபா மக்களின் புனித நகரான இலே-இஃபேக்கு யாத்திரை வருகிறார்கள். தென்மேற்கு மாநிலங்கள் சில ஆகஸ்ட் 20ஆம் நாளையொட்டி மரபுச் சமயத்துக்கு விடுமுறை அளிக்கின்றன. எதிர்ப்பும் அதே அளவுக்கு உண்மை. 2023இல் இலோரின் நகரில் மரபுச் சமய விழா நடத்த முயன்றவர்களை முஸ்லிம் அமைப்புகள் தடுத்தன. பெந்தெகோஸ்தே சபைகள் பல, மூதாதையர் சன்னதிகளைப் பேயின் இருப்பிடம் என்று இடித்துத் தள்ளச் சொல்கின்றன. பேயென்று பயந்து இடிப்பதும் ஒருவகையில் அதன் ஆற்றலை ஒப்புக்கொள்வதுதான். ஒக்போனி போன்ற கமுக்க அவைகளைப் பற்றி வெளியாள் எழுதுவதை நீங்கள் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். நான் எழுதினாலும் அப்படியே, ஆகவே எழுதவில்லை.

வழக்கம் உயிரோடு இருப்பது எப்போதும் மகிழ்ச்சிக்குரியதல்ல என்பதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். இக்போ சமூகத்தில் ஒசு எனப்படுவோர், ஒரு காலத்தில் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். மற்றவர்கள் அவர்களோடு மண உறவு கொள்ளக் கூடாது என்பது விதி. பிறப்பால் வருவதால் சாதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் தொழிலோடு தொடர்பில்லை, தோற்றத்தாலோ பெயராலோ கண்டுபிடிக்கவும் முடியாது. மேலே சொன்ன அதே 1956இல் இதையும் ஒழித்துச் சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் இக்போ மரபின் சடங்குத் தலைமைக்குப் பெயர்பெற்ற நிரி ஊரில் இதை ஒழிக்கும் சடங்கும் நடத்தினார்கள். எனினும் பெண் பார்க்கும் கட்டத்தில் பெரியவர்கள் ஊருக்குச் சென்று விசாரித்து வந்து, காரணம் சொல்லாமல் திருமணத்தை நிறுத்துவது ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களிலும் நடப்பதை நானே அறிவேன். சொத்துரிமையிலும் இப்படித்தான். மகள்களுக்குத் தந்தையின் சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 2014இல் உகேஜே வழக்கில் தீர்ப்பளித்தது. ஆண்பிள்ளை இல்லாத கைம்பெண்ணைக் கணவன் வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்கத்தையும் அதே ஆண்டு இன்னொரு வழக்கில் கண்டித்தது. தீர்ப்பு உறுதியானது. ஆனால் நைஜீரியாவில் வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகும், சகோதரர்மீது வழக்குப் போட்ட பெண்ணுக்குப் பிறந்த ஊரில் வாசல் அடைபட்டுவிடும். ஆகவே அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் நகரத்துப் படித்த பெண்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் முதலில் எதிர்கொள்ளப்போவது அதையே. திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் உறவினரும் நண்பர்களும் ஒரே துணியை விலைகொடுத்து வாங்கித் தைத்து உடுத்துவதை அசோ-எபி என்பார்கள். யொரூபா வழக்கமான இது இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. ஆடும்போது நெற்றியில் பணத்தாளை ஒட்டி வாழ்த்துவதும் அப்படியே. 2007ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி இது குற்றம். குறைந்தது ஆறு மாதச் சிறையோ, குறைந்தது 50,000 நைரா அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2024இல் சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் இதற்காகச் சிறைக்கும் சென்றார். வழக்கம் நிற்கவில்லை. நமக்கு நெருக்கமான ஒரு துணியும் அங்கே உண்டு. நைஜர் கழிமுகத்தின் கலபாரி மக்கள், சென்னை மாகாணத்திலிருந்து கப்பலில் போன கட்டம் போட்ட கைத்தறித் துணியை இஞ்சிரி என்ற பெயரில் பல தலைமுறைகளாகத் தங்கள் சொந்தத் துணியாகவே கொண்டிருக்கிறார்கள். அதில் தேர்ந்தெடுத்த இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி எடுத்து, புதிய கோலம் தோன்றச் செய்வது அவர்களுடைய கைவேலை. பெரியவர் இறந்தால் குடும்பப் பெட்டியிலிருந்து இந்தத் துணிகளை எடுத்துக் கட்டில்களை அலங்கரிப்பார்கள். எந்தக் கட்டிலுக்கு எந்தத் துணி என்பதில் தவறினால் குடும்ப மூதாட்டிகள் விடமாட்டார்கள்.

இனி உங்கள் பயணம். ஒசோக்போ விழா ஆகஸ்டில் முடிந்திருக்கும். புதுக்கிழங்கு விழாக்களும் ஆகஸ்ட், செப்டம்பரோடு சரி. ஆர்குங்கு நடக்கும் ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச்சில் வரும். டிசம்பரில் லாகோஸ் முழுவதும் இசை நிகழ்ச்சிகளும் போக்குவரத்து நெரிசலும்தான் இருக்கும். ஆனால் டிசம்பர்தான் திருமண மாதம். இக்போ வணிகர்கள் கடைகளை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு கிழக்கே சொந்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் வந்துசேர்வார்கள். மூதாதையரின் ஆவிகளாகக் கருதப்படும் முகமூடி ஆட்டக்காரர்களும் அப்போது வெளிவருவார்கள். ஆண்டிறுதியில் பெனின் அரண்மனையில் இகுவே விழா நடக்கும். நகரத்தை விட்டு வெளியே செல்வதற்கு முன் பாதுகாப்பு நிலைமையை உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாக் கொட்டை நீட்டினால் வலக்கையால் வாங்குங்கள். இக்போ வீடானால் பெரியவர் அதை வாழ்த்தி உடைக்கும்வரை காத்திருங்கள். முகமூடியை அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள், உள்ளே இருப்பவர் யார் என்று வேடிக்கைக்குக்கூடக் கேட்காதீர்கள். உடன் பணியாற்றும் யாராவது திருமணத்துக்கு அழைத்தால், தயங்காமல் துணிக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தையற்காரர்கள் டிசம்பரில் நாள் கடத்துவதில் வல்லவர்கள் என்பதால், புறப்படுவதற்கு முன்பே, நவம்பரிலேயே, உங்கள் அளவை எடுத்து அனுப்பிவிடுவது நல்லது.